மரத்தின் பெயர் தாங்கிய ஊர்

ஆலங்காடு, மருதூர், புளியங்குடி என மரத்தால் ஊருக்குப் பெயரிடுதல் தமிழர் மரபு. மலாய் மக்களிடத்தும் அவ்வழக்கம் உண்டு என்பதற்குச் சிங்கப்பூரின் தெம்பனிஸ் சான்றாகும். ‘தெம்பினிஸ்’ என்பது வைரம் பாய்ந்த கட்டையையுடைய மரம். 1828ஆம் ஆண்டு நிலப்படத்தில் அப்பெயர் இங்குள்ள ஆற்றுக்கு வழங்கக் காண்கிறோம்.

பின்னாளில் இவ்வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்களும் பண்ணைகளும் மணற்குழிகளும் பெருகின. நகரின் கட்டடங்கள் எழ இந்நிலம் தன் மணலை ஈந்தது. அருகிலுள்ள பிடோக் நீர்த்தேக்கமும் முன்னாளைய மணற்குழியே.

1970களின் இறுதியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இங்குப் புதுநகர் அமைக்கலாயிற்று. பண்ணையாளர் வேறிடம் பெயர்ந்தனர். 1989இல் பெருவிரைவு ரயில் வந்தது. நிலையத்தருகே 1995இல் தெம்பனிஸ் மால், செஞ்சுரி ஸ்குவேர் ஆகிய கடைத்தொகுதிகளும், 2009இல் தெம்பனிஸ் ஒன் என்பதும் எழுந்தன.

இன்று அங்குப் பொருள் வாங்குவோருள் பலர் அம்மரத்தைக் கண்டிருக்கமாட்டார். ஆயினும் அதன் பெயரை நாள்தோறும் சொல்கின்றனர். தோட்டம் மறைந்தது, மணல் கட்டடமாயிற்று, உழைத்தோர்க்கு நடுகல் இல்லை. எஞ்சியிருப்பது பெயரொன்றே. அதன் பொருளை மாணாக்கர்க்கு உணர்த்துவது ஆசிரியர் கடன். பெயரின் பொருளும் மறந்துபோமாயின், அம்மண்ணின் பழங்கதையைச் சொல்ல வேறு சான்று ஏது?