நிலக்கரித் தாரும் காஞ்சிப் பட்டும்

காஞ்சிபுரத்தில் பட்டு நூல் தறிக்கு ஏறுமுன் சாயத் தொட்டியில் மூழ்கி எழுகிறது. அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் இந்த நிறங்களுள் பெரும்பாலானவை இன்று செயற்கைச் சாயங்கள் தருபவையே. இச்சாயங்களின் பூர்வீகம் எது தெரியுமா? நாற்றமடிக்கும் நிலக்கரித் தார்!

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் விளக்கெரிக்க, நிலக்கரியைச் சூடாக்கி வாயு எடுத்தார்கள். மிஞ்சிய தார் கழிவாகத் தேங்கியது. அதில் எத்தனையோ கரிமச் சேர்மங்கள் கலந்திருந்தன. காய்ச்சி வடித்தாலும் அவை எளிதில் தனித்தனியே வருவதில்லை. பீனாலின் கொதிநிலை 182 பாகை செல்சியஸ். அனிலீனுடையது 184 பாகை. இந்த 2 பாகை வேறுபாட்டை வைத்துக்கொண்டு எப்படிப் பிரிப்பது?

1834-இல் ரூங்கே என்ற ஜெர்மன் வேதியியலார் கொதிநிலையை விட்டுக் குணத்தைப் பிடித்தார். முறையின் சாரம் இதுதான்: தார் எண்ணெயைச் சுண்ணாம்புப் பாலுடன் குலுக்கினால், அமிலத் தன்மையுள்ள பீனால் உப்பாக மாறி நீருக்கு வந்துவிடும். நீர்த்த அமிலத்துடன் குலுக்கினால், காரத் தன்மையுள்ள பொருள்கள் உப்பாகி நீருக்கு வரும். இரண்டிலும் சேராதவை எண்ணெயிலேயே தங்கிவிடும். பிறகு நீரைத் தனியே எடுத்து, முதலாவதில் அமிலமும் இரண்டாவதில் காரமும் சேர்த்தால், கரைந்திருந்த பொருள் எண்ணெயாகப் பிரிந்து நிற்கும்.

இவ்வாறு கிடைத்த காரப் பொருளொன்று சலவைத் தூளுடன் நீல நிறம் காட்டியது. கிரேக்க மொழியில் நீலத்தைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு ரூங்கே அதற்குக் 'கயனால்' என்று பெயரிட்டார்.

1840-இல் பிரிட்ஷே என்பவர், நம் சாயக்காரர்கள் தொன்றுதொட்டுப் பயன்படுத்திய அவுரி நீலத்தை எரிகாரத்துடன் காய்ச்சி ஓர் எண்ணெயைப் பெற்றார். அதை 'அனிலீன்' என்றார். நம் நாட்டு 'நீல'மே அரபு மொழி வழியாகப் போர்த்துக்கீசியரிடம் 'அனில்' ஆகி, அனிலீனுக்குப் பெயர் தந்தது. 1843-இல் ஹாப்மன் தாரிலிருந்து அமிலத்தால் பிரித்த பொருளை ஆராய்ந்தார். கயனாலும் அனிலீனும் ஒன்றே என்று தெரிந்தது!

1856-இல் ஹாப்மனின் மாணவர் பெர்க்கின், மலேரியா மருந்தான குயினைனைச் செய்யும் முயற்சியின்போது அனிலீனையும் சோதித்துப் பார்த்தார். மருந்து வரவில்லை, ஊதா நிறச் சாயம் வந்தது. பட்டில் அது அழகாகப் பற்றியது. செயற்கைச் சாயத் தொழில் பிறந்தது.

அமிலத்திலும் காரத்திலும் சேராமல் எண்ணெயில் தங்கிய நாப்தலீனும் வீணாகவில்லை. அதை மூலப்பொருளாகக் கொண்டு செய்த செயற்கை நீலத்தை 1897-இல் ஒரு ஜெர்மன் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1914-க்குள் நம் நாட்டு அவுரிச் சாகுபடி பெருமளவு சுருங்கிவிட்டது. பெயர் கொடுத்த செடியே பிழைப்பை இழந்தது!

இன்றும் பட்டு நூலுக்குச் சாயமேற்றும்போது தொட்டியில் சிறிது அமிலம் சேர்ப்பதுண்டு. பட்டிலுள்ள காரத் தன்மையுள்ள தொகுதிகள் அமிலத்தை ஏற்று நேர்மின்னேற்றம் பெறுகின்றன. எதிர்மின்னேற்றமுள்ள சாயத்தைப் பற்றிக்கொள்கின்றன. தாரைப் பிரித்துக் கொடுத்த அதே அமில–கார உறவுதான், சேலையில் நிறத்தைச் சேர்த்தும் வைக்கிறது.