சார்ட்டோட இடது ஓரத்தை யார் முடிவு பண்றாங்க?

இன்னைக்கு எபிசோடு ஒரு சின்ன கமாண்டைப் பத்தி.

பைத்தான்ல ஒரு பங்கோட பழைய விலைகளை எடுக்கணும்னா பொதுவா மூணு விஷயம் கொடுப்போம்: பங்கோட பெயர், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி. பெயரைத் தப்பாக் கொடுத்தா ஒண்ணும் வராது, உடனே தெரிஞ்சிடும். முடிவுத் தேதி பெரும்பாலும் இன்னைக்குதான். ஆனா தொடக்கத் தேதியை எவ்வளவு மோசமாத் தேர்ந்தெடுத்தாலும் எரர் வராது. அழகா ஒரு சார்ட் வந்து நிக்கும்.

அந்தத் தேதியால எங்க வீட்ல எண்பதாயிரம் ரூபா போச்சு.

2021 மார்ச். அப்பா ரிட்டயர் ஆகி ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. நான் வீட்ல இருந்தே வேலை பார்த்துட்டு இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, நிஃப்டி சார்ட்டைத் திறந்து ‘1 வருஷம்’ பட்டனை அழுத்தினேன். இடது கீழ் மூலையில ஆரம்பிச்ச கோடு வலது மேல் மூலைக்குப் போச்சு. “பாருங்கப்பா, ஒரு வருஷத்துல டபுள்.”

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, “போன வருஷம் கொரோனால எல்லாம் விழுந்துச்சே, அதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு?”ன்னு கேட்டார். “அதெல்லாம் பழைய கதைப்பா”ன்னு சொல்லிட்டேன்.

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. 2020 மார்ச் 23, நாடு முழுக்க லாக்டவுன் அறிவிக்கிறதுக்கு முந்தின நாள். அன்னைக்கு ஒரே நாள்ல நிஃப்டி சுமார் 13% விழுந்து 7,610-ல முடிஞ்சது. சரியா ஒரு வருஷம் கழிச்சு அது 14,800 பக்கம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனா தொடக்கத் தேதியை 2020 ஜனவரி 14-க்கு நகர்த்துங்க. அன்னைக்கு நிஃப்டி 12,362. இப்ப லாபம் சுமார் 20% மட்டும்தான். வலது ஓரம் அதேதான். இடது ஓரம் பத்து வாரம் நகர்ந்ததுக்கே கதை மாறிடுச்சு.

இதோட நான் நின்னிருந்தாலும் பரவாயில்லை. நிஃப்டியைக் காட்டி அவரை நம்ப வச்சிட்டு, ஒரு நடுத்தர நிறுவனத்தோட பங்கை அதே ஒரு வருஷ சார்ட்டைப் பார்த்து வாங்க வச்சேன். இரண்டு லட்சம் ரூபா. அஞ்சு வருஷ சார்ட்டைப் பார்த்திருந்தா, அந்தப் பங்கு தன்னோட 2018 உச்சத்தையே இன்னும் தொடலைன்னு தெரிஞ்சிருக்கும். அடுத்த வருஷம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு வித்தோம்.

அதுக்கப்புறம்தான் இந்த இடது ஓரத்தோட வரலாறைத் தேட ஆரம்பிச்சேன்.

காகிதக் காலம்

1867-ல எட்வர்ட் காலஹன் உருவாக்கின டிக்கர் மெஷின் நியூயார்க்ல வேலை செய்ய ஆரம்பிச்சது. தந்திக் கம்பி வழியா பங்கோட சுருக்கப் பெயரும் விலையும் ஒரு நீளமான காகித டேப்ல அச்சாகி வரும். அந்த டேப்ல இப்போதைய விலை மட்டும்தான். நேத்து என்ன விலைன்னு தெரியணும்னா யாராவது எழுதி வச்சிருக்கணும்.

அப்படி ஒழுங்கா எழுதி வச்சவங்கள்ல முக்கியமானவர் சார்லஸ் டவ். 1884 ஜூலைல 11 பங்குகளோட சராசரியை வெளியிட்டார். அதுல பெரும்பாலானவை ரயில் கம்பெனிகள். 1896 மே 26 அன்னைக்கு 12 நிறுவனங்களோட தொழில்துறைச் சராசரி வந்தது. முதல் எண் 40.94. டவ் ஜோன்ஸ்னு இன்னைக்கும் செய்தியில கேக்குறோமே, அதுதான் இது.

அடுத்த பல பத்தாண்டுகளுக்கு சார்ட்னா கிராஃப் பேப்பரும் பென்சிலும்தான். 1948-ல எட்வர்ட்ஸும் மகீயும் எழுதின டெக்னிக்கல் அனாலிசிஸ் புத்தகத்தோட உலகமும் அதுதான். தினமும் மார்க்கெட் முடிஞ்சதும் ஒரு கோடு போடணும். கையால வரையுறவருக்கு இடது ஓரம்ங்கிறது அவர் வரைய ஆரம்பிச்ச நாள். அதை மாத்தணும்னா பழைய பேப்பர்களைத் தேடி எடுத்து, முதல்ல இருந்து திரும்ப வரையணும். ஒரு கதைக்குத் தோதா இடது ஓரத்தை நகர்த்துறதுக்கு அந்த உழைப்பே ஒரு தடையா இருந்தது.

கமாண்ட் வந்த பிறகு

1981-ல சாலமன் பிரதர்ஸ் நிறுவனத்துல இருந்து வெளிய வந்த மைக்கேல் ப்ளூம்பெர்க், சந்தைத் தகவலைக் கொடுக்கிற ஒரு டெர்மினலை உருவாக்க ஆரம்பிச்சார். முதல் வாடிக்கையாளர் மெரில் லிஞ்ச். அந்த டெர்மினல்ல பங்கோட குறியீட்டை அடிச்சு, மஞ்சள் கீயை அழுத்தி, ‘ஜிபி’ன்னு அடிச்சு, பச்சை நிற ‘கோ’ கீயைத் தட்டினா விலை வரைபடம் வரும். திரையில ஆரஞ்சு நிறக் கட்டங்கள்ல தேதியை மாத்தலாம். எக்செல்ல ‘பிடிஹெச்’னு ஒரு ஃபார்முலா: எந்தப் பங்கு, எந்த விவரம், எந்தத் தேதியில இருந்து, எது வரைக்கும். அவ்வளவுதான்.

பென்சில் காலத்துல பல நாள் எடுத்த வேலை இப்ப சில நொடி. இது பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனா இடது ஓரத்தை நகர்த்துற செலவும் அதே வேகத்துல பூஜ்யமாயிடுச்சு.

டவ் ஜோன்ஸையே எடுத்துக்கோங்க. 1929 செப்டம்பர் 3-ல 381.17. அப்புறம் அந்தப் பெரிய சரிவு. 1932 ஜூலை 8-ல 41.22. பழைய உச்சத்தைத் தாண்டினது 1954 நவம்பர்ல. இப்ப முடிவுத் தேதியா 1954 நவம்பரை வச்சுக்குவோம். தொடக்கம் 1932 ஜூலைன்னு கொடுத்தா, டிவிடெண்ட் சேர்க்காமலே ஒன்பது மடங்குக்கு மேல. தொடக்கம் 1929 செப்டம்பர்னு கொடுத்தா, 25 வருஷத்துக்கு லாபம் கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டு சார்ட்லயும் ஒரு எண்கூட பொய் இல்லை.

சட்டமே தேதியை எழுதின கதை

விளம்பரம் பண்றவங்களுக்கு இந்த சுதந்திரம் எவ்வளவு வசதின்னு யோசிச்சுப் பாருங்க. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்துல சரிவோட அடிமட்டத்துல இருந்து கணக்கை ஆரம்பிச்சா எல்லா ஃபண்ட் மேனேஜரும் மேதைதான். 1988-ல அமெரிக்காவோட பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் ஒரு விதி கொண்டு வந்தது: விளம்பரத்துல லாபக் கணக்கைச் சொன்னா 1, 5, 10 வருஷ சராசரி லாபத்தையும் ஒரே முறையில கணக்குப் போட்டுக் காட்டணும். தொடக்கத் தேதியை விளம்பரம் பண்றவர் கையில மட்டும் விடக்கூடாதுன்னு அரசாங்கமே முடிவு பண்ணுச்சு.

நல்ல விதி. ஆனா அதுலயும் ஒரு ஓட்டை. எஸ் அண்ட் பி 500-ஓட அஞ்சு வருஷ சராசரி லாபம், டிவிடெண்ட் சேர்த்து, 2012 முடிவுல வருஷத்துக்கு 1.66%. 2013 முடிவுல 17.94%. ஒரே வருஷத்துல இவ்வளவு தாவல் எப்படி? 2013-ல சந்தை நல்லா ஏறுச்சு, அது பாதி காரணம். மீதி, 37% விழுந்த 2008 அந்த அஞ்சு வருஷ ஜன்னலை விட்டு வெளிய போயிடுச்சு. யாரும் எதையும் தேர்ந்தெடுக்கலை. காலண்டர் நகர்ந்தது, கூடவே இடது ஓரமும் நகர்ந்தது.

“அப்ப ‘முழுசும்’ பட்டனை அழுத்திடலாமே?”ன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஜப்பானோட நிக்கெய் குறியீடு 1949-ல இருந்து கிடைக்குது. 176-ல ஆரம்பிச்சு 2024-ல 39,000-ஐத் தாண்டினதா அந்த சார்ட் காட்டும். பிரமாதம். ஆனா 1989 டிசம்பர் கடைசியில, உச்சமான 38,915-ல வாங்கினவர் அந்த விலையைத் திரும்பப் பார்த்தது 2024 பிப்ரவரி 22-ல. 34 வருஷம். ரொம்ப நீளமான சார்ட் ஒரு மனுஷனோட வேலை வாழ்க்கை முழுசையும் நடுவுல ஒரு சின்னப் பள்ளமாக் காட்டிடும்.

இப்ப நம்ம கையில

இன்னைக்கு நாம பயன்படுத்துற மென்பொருள்ல இது இன்னும் சுலபம். டிரேடிங்வியூல ‘ஆல்ட்’ கூட ‘ஜி’ அழுத்தினா தேதி கேக்கும், நேரா அங்க போகலாம். கீழ வரிசையா பட்டன்கள்: 1 நாள், 5 நாள், 1 மாசம், 1 வருஷம், 5 வருஷம், முழுசும். ஒரு விஷயத்தை கவனிங்க. ரேஞ்ச் வேற, இன்டர்வல் வேற. ரேஞ்ச்னா எந்தத் தேதியில இருந்து எது வரைக்கும். இன்டர்வல்னா ஒரு கேண்டில் எவ்வளவு நேரத்தைக் குறிக்குதுங்கிறது. 1 வருஷ பட்டன்ல ஒரு கேண்டில் ஒரு நாள். 5 வருஷத்துல அது ஒரு வாரம். அதாவது ரேஞ்சை நீட்டும்போது, ஒரே நாள்ல நடந்த 13% சரிவு ஒரு வாரத்துக்குள்ள கலந்துடும்.

கோட் எழுதுறவங்களுக்கு ஒண்ணு. ஒய்ஃபைனான்ஸ் லைப்ரரியில நீங்க கொடுக்கிற முடிவுத் தேதி கணக்குல சேராது, அதுக்கு முந்தின நாளோட நின்னுடும். பாண்டாஸ்ல தேதி வச்சு வெட்டினா இரண்டு ஓரமும் சேரும். இதுல நானே ஒரு ராத்திரி முழுக்க மண்டையை உடைச்சிருக்கேன்.

இப்ப என் ஸ்கிரிப்ட்ல தொடக்கத் தேதிக்கு டீஃபால்ட் கிடையாது. தேதி கொடுக்கலைன்னா எரர் வரும். கொடுத்தா மூணு சார்ட் வரைஞ்சு தரும்: நான் கேட்ட தேதியில இருந்து ஒண்ணு, அதுக்கு முந்தின உச்சத்துல இருந்து ஒண்ணு, அதுக்கு முந்தின அடிமட்டத்துல இருந்து ஒண்ணு. மூணும் ஒரே கதையைச் சொன்னா மட்டும்தான் வீட்ல பேசுவேன்.

அந்த எண்பதாயிரத்தைப் பத்தி அப்பா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மீதிப் பணத்தை ஃபிக்சட் டெபாசிட்ல போட்டுட்டார். ஆனா நான் எந்த சார்ட்டைக் காட்டினாலும், கண்ணாடியை மாட்டிட்டு முதல்ல இடது பக்கக் கீழ் மூலையைத்தான் பார்ப்பார்.

“எந்தத் தேதியில இருந்துடா?”

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.