மாடி வாடகையும் கைக்கு வராத பத்திரமும்: சிகாகோவின் லான்டேல் வீடுகளை முன்வைத்து

‘வீட்டை வாங்கு, கீழே நீ இரு, மாடியை வாடகைக்கு விடு, வருகிற வாடகை கடனைக் கட்டிவிடும்.’ நகர வாழ்க்கை கண்டெடுத்த கணக்குகளில் இதுபோல எளிமையானது, நியாயமாகத் தோன்றுவது வேறில்லை. குடிவந்தவனுக்குக் கூரை, வீட்டுக்காரனுக்குச் சொத்து, வங்கிக்கு வட்டி. யாருக்கு என்ன நஷ்டம்? கூட்டல் கழித்தல் தவிர இதில் அரசியல் ஏதுமில்லை என்றுதான் சொல்லப்பட்டு வருகிறது. ஆனால் அதே செங்கல், அதே படிக்கட்டு, அதே கணக்கு ஒரு கூட்டத்தாரை நடுத்தர வர்க்கமாக்கி, பின்னால் வந்தவர்களைத் தீராக் கடனாளிகளாக்கியது என்றால், அந்தக் கணக்குக்குள் எழுதப்படாத ஓர் எண் இருந்திருக்க வேண்டும். சிகாகோவின் மேற்குப் பகுதியிலுள்ள வடக்கு லான்டேல் வட்டாரத்தை முன்வைத்து அந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

1

சிகாகோ நகருக்கே உரிய ஒரு வீட்டு வகை உண்டு. ‘டூ ஃப்ளாட்’ என்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குடித்தனங்கள். செங்கல் கட்டடம் அல்லது முகப்பில் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1920கள் வரை இவை ஆயிரக்கணக்கில் எழுந்தன. செக் நாட்டவர், போலந்துக்காரர், யூதர் என்று அலையலையாக வந்த குடியேறிகளுக்கு இந்த வீடு ஓர் ஏணியாக இருந்தது. ஒரு தளத்தில் தாங்கள் இருந்துகொண்டு மற்றதன் வாடகையில் கடனை அடைத்தார்கள். லான்டேலில் முதலில் செக் மக்கள், பிறகு யூதர்கள். ஏறியவர்கள் நகர்ந்து போனார்கள். ஏணி அங்கேயே இருந்தது.

அந்த ஏணிக்குத் தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்கள் வந்து சேர்ந்தபோதுதான் கணக்கு மாறுகிறது. 1950இல் லான்டேலின் மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம். கறுப்பர்கள் 13 சதவீதம். 1960இல் சுமார் 1,25,000. கறுப்பர்கள் 91 சதவீதம். பத்தே வருஷம்.

2

1934இல் நிறுவப்பட்ட கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் வங்கிகள் தரும் வீட்டுக் கடன்களுக்குக் காப்பீடு அளித்தது. வெள்ளை நடுத்தர வர்க்கத்தை உண்டாக்கியதில் இதற்குப் பெரிய பங்குண்டு. இதே நிறுவனம், கறுப்பர் நுழையும் வட்டாரத்தில் வீட்டு மதிப்பு சரியும் என்பதைத் தனது மதிப்பீட்டு விதிகளிலேயே எழுதி வைத்திருந்தது. ஒரு முன்முடிவு இப்படித்தான் ‘தொழில்நுட்ப அறிவு’ ஆகிறது. அங்கே கடன் இல்லை என்று அரசு சொன்னால் வங்கியும் இல்லை என்கிறது. வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, சேமிப்பு இருக்கிறது. கடன் மட்டும் கிடையாது.

அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள்தான் ஒப்பந்த விற்பனைக்காரர்கள். பதறி ஓடும் வெள்ளையரிடம் வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கி, கறுப்பருக்குத் தவணை ஒப்பந்தத்தில் பல மடங்குக்கு விற்றார்கள். கிளைட் ராஸ் என்பவர் 1961இல் லான்டேலில் 27,500 டாலருக்கு ஒரு வீட்டை வாங்கினார். விற்றவர் ஆறு மாதத்துக்கு முன் அதை வாங்கிய விலை 12,000 டாலர். இதை டா-நெஹிசி கோட்ஸ் 2014இல் தமது புகழ்பெற்ற கட்டுரையில் எழுதினார். 1950, 60களில் சிகாகோக் கறுப்பினத்தவருக்கு விற்கப்பட்ட வீடுகளில் 75 முதல் 95 சதவீதம் வரை இந்த முறையில் போனவை என்றும், இதனால் அவர்கள் இழந்தது இன்றைய மதிப்பில் 300 கோடி டாலருக்கும் மேல் என்றும் டியூக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2019இல் மதிப்பிட்டது.

ஒப்பந்தத்தின் நுணுக்கம் விலையில் மட்டும் இல்லை. கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவர் பேரில். ஒரு தவணை தவறினால் வீடு போச்சு. கட்டிய பணமும் போச்சு. ஆனால் வரி, காப்பீடு, பழுது, நகராட்சி நோட்டீஸ் எல்லாம் வாங்கியவர் தலையில். உரிமையாளனின் கடமைகள் முழுக்க உண்டு, உரிமை ஒன்றுகூட இல்லை. சட்டத்தின் மொழியில் அவர் ‘வாங்குபவர்’. நடைமுறையில் முன்பணம் கொடுத்து, பழுதும் பார்த்துக்கொடுக்கிற குடித்தனக்காரர்.

இன்னொன்று. கறுப்பருக்குக் கடன் தர மறுத்த சேமிப்பு நிறுவனங்கள், அதே தெருவில், அதே கட்டடத்தின்பேரில், இடைத்தரகருக்குக் கடன் கொடுத்தன. ஆக, கட்டடத்தில் கோளாறு இல்லை.

3

இங்கேதான் மாடி வாடகை வருகிறது. தவணை இரட்டிப்பானால் வாடகையும் ஏற வேண்டும். இரண்டு குடித்தனம் இருந்த இடத்தில் நாலு வேண்டும். இருந்த அறைகளுக்குள் தடுப்புகள் எழுந்தன, புழக்கம் கூடியது, குழாயும் கொதிகலனும் பழுதாயின. பழுதுபார்க்கப் பணம்? அது தவணைக்குப் போய்விட்டது. கணவனும் மனைவியும் இரண்டு வேலை பார்த்தார்கள். அந்த வாடகையைக் கொடுத்தவர்களும் கறுப்பர்கள், அவர்களுக்கும் போக வேறு இடமில்லை. 1966 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் லான்டேலில் ஹாம்லின் அவென்யூவில் ஒரு வீட்டின் மூன்றாம் மாடியில் குடியேறினார். வெள்ளையர் பகுதிகளைவிட மோசமான அறைகளுக்கு அதிக வாடகை கொடுக்க நேர்வதை அவர் ‘நிறத்தின்மீது போட்ட வரி’ என்ற பொருளில் பேசினார். கணக்கில் எழுதாத எண் அதுதான்.

வீடுகள் சிதைந்ததும் என்ன ஆச்சு? ‘பாத்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோமே’ என்றது மதிப்பீட்டு விதி. தான் முன்னறிவித்ததைத் தானே உண்டாக்கிவிட்டு, அதையே சான்றாகக் காட்டுகிற அறிவு இது. வரைபடம் நிலத்தைப் பிரதிபலிக்கவில்லை, நிலம் வரைபடத்தைப் போல ஆக்கப்பட்டது.

மார்க் சாட்டர் என்ற வழக்கறிஞரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். ஒப்பந்த விற்பனைக்கு எதிராக 1950களின் பிற்பகுதியிலேயே வழக்காடியவர். லான்டேலில் வாடகைக்கு விடும் கட்டடங்கள் அவருக்கும் இருந்தன. குடும்பத்தின் எதிர்காலம் என்று அவற்றைத்தான் நம்பினார். 1965இல், 49 வயதில் இறந்தார். கட்டடங்களும் நிலைக்கவில்லை. அவருடைய மகள், வரலாற்றாசிரியர் பெரில் சாட்டர், 2009இல் வெளியிட்ட ‘ஃபேமிலி ப்ராப்பர்ட்டீஸ்’ என்ற நூலில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். ‘நல்ல வீட்டுக்காரர்’, ‘கெட்ட வீட்டுக்காரர்’ என்கிற ஒழுக்கப் பிரிவினை இங்கே உதவாது என்று எனக்குப் படுகிறது. நல்லவருக்கும் கடன் அதே வட்டாரத்தில்தான்.

4

1968இல் ஒப்பந்த வாங்குவோர் சங்கம் உருவானது. வாங்கியவர்கள் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் தாள்களை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், தனித்தனி ஏமாளிகளாகத் தங்களை நினைத்திருந்தது தவறு என்று தெரிந்தது. அந்த வருஷக் கடைசியில் தவணை கட்ட மறுத்தார்கள். போலீஸ் தெருவில் எடுத்துப்போட்ட சாமான்களை அக்கம்பக்கத்தார் திரும்ப உள்ளே தூக்கி வைத்தார்கள். பல ஒப்பந்தங்கள் திருத்தப்பட்டன. ஆனால் 1969இல் தொடுத்த கூட்டரசு வழக்குகள் 70களில் தோல்வியில் முடிந்தன. விற்றவர்கள் தரப்பு வாதம் எளியது: நாங்கள் இனம் பார்க்கவில்லை, சந்தை தருகிற விலையைக் கேட்டோம். அந்தச் சந்தையில் மற்ற கதவுகளையெல்லாம் யார் மூடினார்கள் என்பது அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

2008 நெருக்கடிக்குப் பிறகு, ஜப்தியான வீடுகளை மொத்தமாக வாங்கிய நிறுவனங்கள் இதே தவணை ஒப்பந்தத்தைத் தூசிதட்டி எடுத்தன. 2018இல் இல்லினாய் மாநிலத்தில் இதைக் கட்டுப்படுத்தும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. லான்டேலிலோ பல டூ ஃப்ளாட்டுகள் இடிந்து காலி மனைகளாகிவிட்டன.

‘வாடகை கடனைக் கட்டிவிடும்’ என்று யாராவது சொல்லும்போது, எந்தக் கடன், எவ்வளவு வட்டி, பத்திரம் யார் பேரில் என்று கேட்பதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. மாடியில் இருப்பவருக்கு வேறு எந்தத் தெருவில் வீடு கிடைக்கும்? அதற்கான பதிலில்தான் வாடகை நிர்ணயமாகிறது.