கண்ணில் நில்லாத மருந்து

சிவகாசி வட்டாரத்து எம். புதுப்பட்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மருந்து என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வைத்தியர் தருவதும் மருந்து. பட்டாசுக்குள் அடைப்பதும் மருந்து. பின்னதன் தூசி விழியில் பட்டாலும், கரிசல் காட்டில் சோளத்தட்டை கண்ணைக் கீறினாலும், முன்னதைத் தேடி ஓட வேண்டியதாகிறது. தாமதித்தால் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று ஊரார் இரங்கும் நிலை வந்துவிடுகிறது. அந்த முன்னதாகிய மருந்து கண்ணில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்ற எளிய வினாவுக்கு விடை கண்ட வரலாற்றையே நாம் இங்கு எண்ணிப் பார்க்கிறோம்.

இது சிறு வினா அன்று. 1993ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் கண்டோர் இலட்சத்திற்கு 113 பேர் எனக் கணக்கிடப்பட்டது. 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஆராயப்பட்ட 434 நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் இருவர் கண்ணில் அடிபட்டவர்கள். கிருமி வளர்த்துக் காணப்பட்ட 297 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோரைப் பற்றியிருந்தது பூஞ்சை.

மருந்து கண்ணில் நிற்க வேண்டும் என்ற கவலை பழமையானது. பதினோராம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா, 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' என்னும் நூலில் 130 கண்நோய்களை விவரித்தார். அக்காலக் கண் மருத்துவர்கள் மருந்தைப் பொடியாகவும் குழம்பாகவும் ஆக்கி இட்டனர். நம் இல்லங்களின் சுர்மாவும் இமையோரத்தில் ஒட்டிநிற்பதே. ஆயினும் சுர்மா வகைகள் பலவற்றில் ஈயம் கலந்திருப்பதை இன்றைய சோதனைகள் காட்டியுள்ளன. ஒட்டிநிற்பது எல்லாம் நன்மை அன்று. எது நிற்கிறது என்பதும் முக்கியம்.

நிற்பதைக் கண்ணால் காணவும் அளக்கவும் வழி செய்தது ஒரு சாயம். 1871ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியலார் அடால்ஃப் வான் பேயர் ஃபுளோரெசின் என்னும் சாயத்தை உருவாக்கினார். நீல ஒளியில் அது பச்சையாய்ச் சுடரும். மேற்தோல் கெடாத கருவிழியில் அது பற்றாது. புண்பட்ட இடத்தில் மட்டும் பற்றும். 1911ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு குல்ஸ்ட்ராண்ட் பிளவு விளக்கை அறிமுகப்படுத்தினார். நாம் தாடையை ஏந்தி வைக்க, மருத்துவர் மறுபுறமிருந்து பார்க்கிறாரே, அது உயிருள்ள கண்ணை நோக்கும் நுண்ணோக்கியே. பின்னர் அதனுடன் ஒளியை அளக்கும் கருவி இணைக்கப்பட்டது. சாயத்தின் சுடர் நிமிடத்திற்கு நிமிடம் மங்குவதை அளந்தால், கண்ணிலிருந்து திரவம் வெளியேறும் வேகம் தெரிந்துவிடும்.

இவ்வழியில் ஜப்பானிய அறிஞர் மிஷிமாவும் துணைவர்களும் 1966ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. கண்ணில் உள்ள கண்ணீர் ஏறத்தாழ 7 மைக்ரோலிட்டர் மட்டுமே. ஒரு மில்லிலிட்டரில் 1000 மைக்ரோலிட்டர் அடங்கும். அந்தக் கண்ணீரிலும் நிமிடத்திற்கு 16 விழுக்காடு புதிதாகிவிடுகிறது. குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டோ 30 முதல் 50 மைக்ரோலிட்டர். இமைத்தவுடன் மிகுதி கன்னத்தில் வழிகிறது. எஞ்சியது மூக்கின் பக்கமாக இறங்குகிறது. நூறில் ஐந்து பங்குகூடக் கண்ணுக்குள் சேர்வதில்லை.

ஆகவே நின்று வேலை செய்யும் மருந்து வேண்டியதாயிற்று. நம் தமிழ் மக்கள் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்று உழைத்த நேட்டாலின் மண்ணில், 1955ஆம் ஆண்டு ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அதிலிருந்து பிறந்தது நேட்டமைசின். அது நீரில் எளிதில் கரையாத நுண்துகள்; குலுக்கியே இட வேண்டும். கரையாமை என்னும் அக்குறையே அதன் குணமாயிற்று. துகள்கள் புண்ணின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இமையின் உட்குழிவிலும் தங்குகின்றன.

பின்னர் வந்த வோரிகோனசோல் திசுவுக்குள் நன்கு ஊடுருவுவது. இரண்டில் எது மேல்? அரவிந்த் மருத்துவமனைகளில் 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் சேர்க்கப்பட்ட 323 நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டது. முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு சொட்டு; பிறகு மூன்றாம் வாரம் முடியும்வரை இரண்டு மணிக்கொரு சொட்டு. 2013ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, நேட்டமைசின் பெற்றோரின் பார்வை மேலாக இருந்தது. கருவிழி துளைபட்டோரும் அவர்களுள் குறைவு. ஒட்டிநிற்றல் ஒன்றே இதற்குக் காரணம் என்று நாம் கூறத் துணியோம். ஃபுசேரியம் என்னும் பூஞ்சையை அழிப்பதில் அம்மருந்துக்குத் தனி வலிமை உண்டு.

நுண்ணோக்கி நமக்குக் கற்பித்த பாடம் இதுதான்: மருந்து தங்குவது சில நிமிடங்களே, ஆதலால் தவறாமல் இடுபவரின் பொறுமையே அதன் பாதி வலிமை. அடிபட்ட கண்ணில் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடாமல், அன்றே மருத்துவரை நாடுவோம். ஒரு சொட்டு விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்தை மெல்ல அழுத்திக்கொள்வோம். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் காத்திருப்போம். இரவு பகலாகக் குப்பியுடன் அருகிலிருக்கும் தாயோ மனைவியோ ஒரு வேளை தவறாமல் இடும் அந்தச் சொட்டே, புதுப்பட்டித் தொழிலாளி ஒருவரின் கண்ணில் பூ விழாமல் காக்கிறது.