வளை நெகிழ்தலும் வளை உடைத்தலும்

மகளிர் கையணிகளைக் குறிக்குஞ் சொற்கள் தமிழிற் பலவுள. வளை, தொடி, சூடகம், கடகம், சரி, குருகு என்பன அவற்றுட் சில. இவற்றுள் வளை என்னும் ஒன்றே ஏனையவற்றினும் மிக்க வழக்குடையதாய், இன்று வளையல் எனத் திரிந்து நிற்கின்றது. வளைந்திருத்தலின் வளையாயிற்று என்பது வெளிப்படை. ஆயினும் அச்சொல் சங்கிற்கும் பெயராதல் கருதத்தக்கது. பண்டைத் தமிழ்மகளிர் அணிந்த வளைகளுட் பெரும்பாலன சங்கினை அறுத்துச் செய்யப்பட்டனவாகலின், முதற்பொருளின் பெயரே அதனினின்றுஞ் செய்யப்பட்ட அணிக்கும் ஆயிற்றென்க. யாழ்ப்பாணத்தார் வளையலைக் காப்பு என்று வழங்குவர். நூலின் முகத்தே இடையூறு நீங்கப் பாடப்படுஞ் செய்யுளும் காப்பு, கைக்கு இடுவதும் காப்பு. கையிலிட்ட வட்டம் தீங்கு அணுகாது காக்கும் என்னும் பழைய கருத்து அச்சொல்லில் இன்னும் உயிரோடிருக்கின்றது.

இவ்வணியின் பழமை அளவிடற்கரியது. 1926ஆம் ஆண்டில் மொகஞ்சதாரோவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வெண்கலப் பாவை ஏறத்தாழ 10.5 செண்டிமீட்டர் உயரமே உடையது. அதன் இடக்கை தோள்முதல் மணிக்கட்டுவரை வளைகளால் நிறைந்துள்ளது. வலக்கையில் நான்கே காணப்படுகின்றன. இராசத்தானத்தில் அந்நாகரிகத்தைச் சேர்ந்த ஓரூர்க்குக் காளிபங்கன் என்று பெயர். கரிய வளையல்கள் என்பது அதன் பொருள். மண்ணின்மேற் சிதறிக் கிடந்த சுடுமண் வளைத்துண்டுகளே அவ்வூர்க்கு அப்பெயரைத் தந்தன. கூர்ச்சரக் கடற்கரையிலுள்ள நாகேசுவரம் என்னுமிடத்தில் அக்காலத்தார் சங்கறுத்து வளை செய்த தொழிற்களம் வெளிப்பட்டுள்ளது. எழுத்தறியப்படாத அம்மக்களின் சமயமும் மொழியும் பற்றி அறிஞர் எவ்வளவோ வழக்காடுவர். அவர்தம் மகளிர் சங்குவளை அணிந்தனர் என்பதில் வழக்கில்லை.

தமிழகத்திற் சங்கிற்குப் பெயர்பெற்ற துறை கொற்கை. முத்தெடுத்த கடலே சங்கும் தந்தது. கொற்கையிலும் அழகன்குளத்திலும் நிகழ்ந்த அகழ்வுகளில் அறுத்த சங்குத்துண்டுகளும் உடைந்த வளைகளும் கிடைத்துள்ளன. மதுரைமாநகரத்து மறுகிற் சங்கினை அறுத்துக் கடைந்து வளையாக்குவோர் இருந்தமையை மதுரைக்காஞ்சி கூறும். அகநானூற்றின் 24ஆம் பாட்டில் ஆவூர் மூலங்கிழார் ஓர் அரிய செய்தியை உவமை வாயிலாக உணர்த்துகின்றார். வேள்வித்தொழிலை மேற்கொள்ளாத பார்ப்பான் வாள்போலும் அரத்தினாற் சங்கினை அறுத்து வளைகளை எடுத்துக்கொள்ள, எஞ்சிய சுரிந்த தலைப்பகுதி விரியாத பகன்றைப் போதிற்கு உவமையாயிற்று. உவமை கூறப்புகுந்த புலவர் தொழிற்களத்துக் கழிவையும் நோக்கியிருந்தமை வியக்கற்பாலது. அவ்வரிகள் இல்லையேல் அந்தணருள் ஒருசாரார் இத்தொழில் செய்தமையை நாம் அறிந்திருத்தல் இயலாது.

இதனோடு இயைத்து நோக்கற்பாலது நக்கீரரைப்பற்றிய கதை. இறைவன் பாட்டிற் குற்றங்கூறிய அப்புலவர் சங்கறுக்குங் குலத்தினர் என்றும், அரம் சங்கின்மேல் இயங்கும் ஓசையோடு அவர் பெயரை இயைத்து இறைவனே எள்ளினான் என்றும், அவர் அதற்கு விடையிறுத்தார் என்றும் தனிப்பாடல் வழக்கொன்று உண்டு. அது பிற்காலத்தார் புனைந்ததேயாகுக. வளையறுக்குந் தொழிலாளி ஒருவர் சங்கத்துத் தலைமைப் புலவராதல் கூடும் என்று அதனைப் புனைந்தார் எண்ணியதே ஒரு வரலாற்றுச் செய்தியாம்.

இத்தொழில் தமிழகத்திற் பெரிதும் மறைந்தது. வங்கநாட்டில் மறையவில்லை. மன்னார்க்குடாக் கடலிற் குளித்தெடுத்த சங்குகள் தூத்துக்குடியினின்றும் வங்கத்திற்குச் சென்று, டாக்கா நகரத்துச் சங்ககாரர் தெருவில் பிறைவடிவான பெரிய இரும்பு வாளால் அறுபட்டு வளைகளாயின. இவ்வாணிகத்தின் இயல்பை மீன்வளத்துறையைச் சார்ந்த சேம்சு ஆர்னெல் என்பார் 1914இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தனர். வங்கமகள் மணநாளிற் பூணும் வெண்சங்கு வளையும் செம்பவள வளையும் இரும்புக் காப்பும் அவளுக்கு மங்கலநாண் போல்வன. தமிழ்க்கடல் ஈன்ற சங்கு தமிழ்மகள் கையை விட்டு நீங்கி அவள் கையில் தங்கிற்று. தமிழ்மகள் கைக்குக் கண்ணாடி வளையல் வந்தது. பஞ்சாபத்து மணமகளின் செவ்வளைகளும், மராட்டத்தின் பச்சைக் கண்ணாடி வளைகளும், ஐதராபாத்தின் அரக்கு வளைகளும் வெவ்வேறு வகையினவேனும் மங்கலக் குறியாதலில் ஒன்றே.

இனி, இலக்கியத்தில் வளை பெறும் நிலை இதனினும் வேறுபட்டது. அகப்பாட்டுக்களில் வளை அணியப்படுதலினும் கழலுதலே மிகுதியாகப் பேசப்படும். தலைவன் பிரிய, தலைவி மெலிய, வளை நெகிழ்ந்து வீழும். நாணத்தால் அவள் வாய் கூறாததை வளை கூறும். தலைவன் பிரியப்போகின்றான் என்பதைத் தலைவியினும் முன்னே அறிந்தன அவள் வளைகளே என்னுங் கருத்தைத் திருவள்ளுவர் குறிப்பறிவுறுத்தல் என்னும் அதிகாரத்தில் அமைத்தனர். அவ்வதிகாரத்திலேயே, தலைவி வளையை நோக்கித் தோளை நோக்கிப் பின் அடியையும் நோக்கினாள் எனத் தோழி கூறுவதாக ஒரு குறள் உளது. வளை கழலும், தோள் மெலியும், ஆதலின் அடிகளே உடன்போதற்கு உரியன என்பது அவள் குறிப்பு. ஒரு சொல்லும் பேசாமல் வழக்கு முழுதும் முடிந்தது.

திருநெறித்தமிழ் இவ்வகத்துறையை எடுத்து ஆண்டவன்பாற் செலுத்திற்று. திருஞானசம்பந்தப் பிள்ளையார் மூவாண்டிற் பாடியருளிய முதற்பதிகத்தின் மூன்றாந் திருப்பாட்டிலேயே வெள்வளை சோர உள்ளங்கவர்ந்தான் இறைவன் என்னும் நிலை வந்துவிடுகின்றது. பால்மணம் மாறாக் குழவியின் வாக்கில் இத்துறை எங்ஙனம் அமைந்ததென்று வினவுவார் உளர். பாடுவது குழவியாயினும் உணர்வது உயிர், உயிர்க்கெல்லாம் தலைவன் ஒருவனே என்னும் விடை சைவர்க்குப் புதிதன்று. திருவாசகத்தில் இதற்கு மறுதலையான ஒரு காட்சி உண்டு. திருப்பொற்சுண்ணத்தில் மகளிர் சூடகமும் தோள்வளையும் ஒலிக்க இறைவனுக்குச் சுண்ணம் இடிக்கின்றனர். அங்கே வளை கழலவில்லை, ஆர்க்கின்றது. பிரிவிற் சோர்வதும் பணியில் ஒலிப்பதும் அவ்வளையே.

இவ்விரண்டனையும் ஒருசேரக் காட்டுவது பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்து 32ஆம் படலமாகிய வளையல் விற்ற படலம். தாருகவனத்து முனிவர் மனைவியர் தம் கற்பிற் செருக்குற்றிருந்தனர். இறைவன் பிச்சைத்தேவனாக அவ்வழிச் சென்றபோது அவர்தம் கலையும் வளையும் சோர்ந்தன. கணவர் முனிந்து சபிக்க, அவர்கள் மதுரையில் வணிகர் குலத்து மகளிராய்ப் பிறந்தனர். சோமசுந்தரக் கடவுள் கைதீண்டும் அன்று சாபம் நீங்கும் என்பது வரையறை. அதன்படியே ஆலவாய்ப் பெருமான் வளைச்செட்டியாய்த் தோளில் வளைக்கோவைகள் தொங்க வீதியில் வந்து, அம்மகளிர் கைகளைப் பற்றி வளையிட்டான். இதனை ஒரு வேடிக்கைக் கதையென்று கூறி நகுவாரும் உளர். ஆயின் கதையின் கட்டுக்கோப்பை நோக்குமிடத்து, கவர்ந்தவன் யாவன், மீட்டுத்தந்தவனும் அவனே என்பது பெறப்படும். செருக்கோடு அணிந்த வளை தானே கழன்றது, இரண்டாவது வளையை அவனே இட்டான். மறைத்தலையும் அருளலையும் ஒருவன் தொழிலாகவே கொள்ளும் சித்தாந்தம் இக்கதையில் ஒருவகையால் உருவம் பெற்றுளது எனலாம். மதுரைத் திருக்கோயிலின் ஆவணிமூலப் பெருவிழாவில் இத்திருவிளையாடல் ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டப்படுகின்றது.

காஞ்சியிலோ வளை இறைவன் திருமேனியிலேயே தன் குறியை இட்டது. கம்பையாற்றங்கரையில் அம்மையார் சிவலிங்கத்தைப் பூசித்திருந்தபோது வெள்ளம் பெருகிவர, இலிங்கத்திற்கு ஊறு நேருமோ என அஞ்சித் தழுவிக்கொண்டார். பெருமான் குழைந்து, முலைச்சுவட்டையும் வளைத்தழும்பையும் திருமேனியில் ஏற்றான். திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணத்தில் சேக்கிழார் இதனை விரித்தருளினர். இலிங்கம் என்பதற்கே குறி என்பது பொருள். குறிகடந்த பொருள் அடியார்க்காகக் கொண்ட குறியின்மேல் அன்பினால் விளைந்த மற்றொரு குறியாக வளைத்தழும்பு அமைந்தது. அம்மை பொன்முடியாலோ மாலையாலோ இத்தழும்பைச் செய்யவில்லை, அஞ்சி அணைத்த கையின் வளையாற் செய்தார் என்பது நினைக்குந்தோறும் இனிப்பது.

கருவுற்ற மகளிர்க்கு 5, 7, 9 ஆகிய திங்களொன்றில் வளைகாப்பு இடுவது தமிழ்நாட்டு வழக்கு. சிலவிடங்களில் முதற்கண் வேப்பங்கொழுந்தை வளைத்து இட்டு, பின்னரே கண்ணாடி வளைகளை இடுவர். மகப்பெற்று வாழ்ந்த மூதாட்டியர் முன்னின்று செய்வர். கருவிலுள்ள மகவு ஏறத்தாழ 6ஆந் திங்கள் தொடங்கி ஓசை கேட்கும் ஆற்றல் பெறுதலை இக்கால மருத்துவர் கூறுகின்றனர். தாயின் கைவளை ஒலியும் அதற்குச் செவிப்படுவதாம். ஆடிப்பூரத்தில் சிவாலயங்களில் அம்மைக்கும் இவ்வளைகாப்பு நிகழ்த்தி, சாத்திய வளைகளை வழிபடவந்த மகளிர்க்கு வழங்குவர். உலகீன்றும் கன்னியாய் இருப்பவளுக்குக் கருப்பக்காப்பு ஏன் என்று தருக்க நூலார் வினவலாம். தாய்மார் வினவுவதில்லை.

இத்துணைச் சிறப்புடைய வளைக்கு ஒரு கொடிய முடிவும் நம் நாட்டில் வகுக்கப்பட்டது. கணவனை இழந்தாளின் வளையைப் பிறர் கூடி உடைக்கும் வழக்கமே அது. புறநானூற்றிலும் கைம்மை மகளிர் தொடி நீங்கியவராகவே கூறப்படுகின்றனர். ஆகலின் வளையின்மை கைம்மைக்கு அடையாளமாதல் பழையதே. எனினும் கழற்றுதல் வேறு, உடைத்தல் வேறு. தானே கழற்றுதல் வேறு, பிறர் பற்றி உடைத்தல் வேறு. சிலப்பதிகாரத்திற் கண்ணகி மதுரையை நீங்கும்போது கொற்றவை கோயில் வாயிலிற் பொற்றொடியைத் தகர்த்தாள். கணவனோடு கீழ்வாயிலிற் புகுந்தவள் மேல்வாயிலில் தனியே போகின்றாள். அவளை எவரும் தகர்க்கப் பணிக்கவில்லை. அரசனையும் நகரையும் வென்ற கை, தன் துயரத்தின் அளவைத் தானே காட்டிற்று. பிற்காலத்துச் சடங்கிலோ அழுகின்றவளின் கையை அயலார் பிடித்துக் கல்லின்மேல் மோதுகின்றனர். கண்ணாடிச் சில்லு கிழித்த குருதியும் சிலவிடத்துச் சடங்கின் பகுதியாகி விடுகின்றது. காப்பு என்று பெயரிட்டு அணிவித்த சுற்றத்தாரே அவள் காவல் மிக வேண்டிநிற்கும் நாளில் அதனை உடைத்தல் எங்ஙனம் பொருந்தும்?

1856இல் கைம்பெண் மறுமணச் சட்டம் பிறந்தது. சட்டம் மணத்திற்கு வழிவிட்டதேயன்றி இச்சடங்கைத் தொடவில்லை. 2022 மே மாதத்தில் மராட்டத்துக் கோலாப்பூர் மாவட்டத்தைச் சார்ந்த ஏர்வாடு என்னும் சிற்றூரின் பஞ்சாயத்து, வளையுடைத்தல், குங்குமம் அழித்தல், தாலியறுத்தல் முதலியவற்றைக் கைவிடுவதெனத் தீர்மானம் இயற்றிற்று. அம்மாநில அரசு ஏனை ஊர்களும் அதனைப் பின்பற்றுமாறு அறிவுறுத்தியது. பெருநகரத்துப் புலவர் கூடிச் செய்யாததை ஓர் ஊரவை செய்தது.

அற்றேல், திலகவதியார் பொன்னணி துறந்து வாழ்ந்தாரல்லரோ எனின், ஆம், துறந்தார். அதனாலேயே அவர் வரலாறு ஈண்டுக் கருதற்பாலது. அவர்க்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் வீழ்ந்தனர். உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பியார் அடிவீழ்ந்து புலம்ப, அவர் உளராதல் வேண்டும் என்னும் அருளினால் உயிர் தாங்கினார். மங்கல நாண் முதலிய பொன்னணி பூணாது, எல்லா உயிர்க்கும் இரங்கி, மனையிலேயே தவம் இருந்தார் என்பது சேக்கிழார் வாக்கிற் காண்பது. அவரைக் கட்டாயப்படுத்துவார் ஒருவரும் அவ்விடத்து இல்லை. தந்தையும் தாயும் முன்னரே மறைந்தனர், தம்பியோ இளையர். விலக்கியதும் அவர், விலக்கியதற்குக் காரணமும் அவரிடத்தே. பின்னர் அவர் திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டு மெழுகி மலர்கொய்து தொடுத்து வந்தார். அந்நாளில், சமணத்தைச் சார்ந்து சூலைநோயால் வருந்திய தம்பியார் இரவில் வந்து அடிவீழ்ந்தனர். அவருக்கு ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தது, அணியொன்றும் இல்லாத அக்கையே.