நடுவழியில் இறங்கியவர்கள்

1826 வாக்கில் பிரான்சின் நான்ட் நகருக்கு வெளியே ஸ்டானிஸ்லாஸ் போத்ரி நீராவி மாவு மில் நடத்திவந்தார். இயந்திரத்தின் வெந்நீர் வீணாவதைப் பார்த்தவர் மில்லை ஒட்டியே குளியல் விடுதி கட்டி, ஊருக்குள்ளிருந்து ஆட்களைக் கூட்டிவரக் குதிரை வண்டியும் விட்டார். வண்டி நிறைந்தது; விடுதி காற்றாடியது.

ஏறியவர்கள் எங்கே போனார்கள்? கடைவீதி, ஆற்றங்கரை என்று வேண்டிய இடத்தில் நடுவழியிலேயே இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். போத்ரி விடுதியை விட்டுவிட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டார். அது புறப்பட்ட இடத்தில் ஓம்னெஸ் என்பவரின் தொப்பிக் கடை. தன் பெயரோடு லத்தீனைக் கோத்து ‘ஓம்னெஸ் ஓம்னிபுஸ்’ என்று பலகை மாட்டியிருந்தாராம். கடைக் கதை செவிவழிச் செய்தி. ‘எல்லாருக்கும்’ என்ற பொருளில் ‘ஓம்னிபுஸ்’ வண்டியோடு ஒட்டிக்கொண்டது நிஜம். 1828-ல் பாரிஸிலும் வண்டி விட்ட போத்ரி, கடன் கழுத்தை நெரிக்க 1830-ல் இறந்தார். அதற்குள் பெயர் கடல் தாண்டியிருந்தது.

பாரிஸில் அந்த வண்டியைப் பார்த்த ஜார்ஜ் ஷில்லிபியர், 1829 ஜூலை 4 அன்று லண்டனில் மூன்று குதிரை பூட்டி, 22 பேர் அமரும் வண்டியை ஓட்டினார். லண்டன்வாசிகள் தலையை வெட்டி வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்: பஸ். நம் ‘கு’ போல, லத்தீனில் அது வெறும் நான்காம் வேற்றுமை உருபு! வெட்டுண்ட தலை இந்தியச் சட்டப் புத்தகத்தில் உயிரோடிருந்தது.

ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும் வண்டியை 1988 மோட்டார் வாகனச் சட்டம் ‘ஆம்னிபஸ்’ என்கிறது. தமிழ்நாட்டில் நெடுந்தூரத் தடங்கள் அரசுக் கழகங்களின் கைக்குப் போயிருந்தன. தனியார் முதலாளிகள் ஒப்பந்த ஊர்தி உரிமம் வாங்கி இரவுப் பயணத்தில் இறங்கினார்கள். தலையும் வாலும் மறுபடி சேர்ந்தன: ஆம்னி பஸ். ஆனால் அந்த உரிமத்தில் ஒரு கண்டிப்பு இருந்தது.

வழியில் புதிதாக ஆள் ஏற்றக் கூடாது. நடுவழிப் பயணிகளால் பிறந்த வண்டிக்கே இந்தத் தடை! 2024 ஜனவரியில் தென் மாவட்ட ஆம்னி பஸ்களைச் சென்னை கோயம்பேட்டிலிருந்து புறநகர்க் கிளாம்பாக்கத்துக்கு மாற்றியது அரசு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி குடும்பங்கள் பெட்டியும் பிள்ளையுமாக நகரின் மறுகோடிக்கு அலைய நேர்ந்தது. எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு வந்தது. சென்னை பைபாஸில் போரூர், சூரப்பட்டு சுங்கச்சாவடிகளில் பயணிகளை ஏற்றி இறக்கலாம் என்றது அது. சூரப்பட்டு, அம்பத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.