வெளிமின்னூட்ட வரம்பு

வெளிமின்னூட்ட வரம்பு என்பது வட்ட வடிவத் துகள் முடுக்கி ஒன்றில் ஒரே நேரத்தில் சுற்றிவரக்கூடிய துகள்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் எல்லைகளுள் ஒன்றாகும். கற்றையிலுள்ள துகள்கள் ஒரேவகை மின்னூட்டம் கொண்டவையாதலால் ஒன்றையொன்று விலக்குகின்றன. இவ்விலக்கமே வரம்புக்குக் காரணம். செர்ன் ஆய்வகத்தின் புரோட்டான் முடுக்கிகள் இவ்வரம்பை உயர்த்திய முறைகளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டுகளாகும்.

காரணம்

முடுக்கியின் காந்தங்கள் துகள்களைக் கற்றையின் மையத்தை நோக்கிக் குவிப்பதால், ஒவ்வொரு துகளும் பக்கவாட்டில் அலைந்தவாறே சுற்றுகிறது. துகள்களின் விலக்குவிசை இக்குவிப்பை வலுவிழக்கச் செய்து, ஒரு சுற்றில் நிகழும் அலைவுகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. அவ்வெண்ணிக்கை முழு எண் போன்ற சில மதிப்புகளை அடைந்தால், காந்தங்களின் சிறு குறைகளின் விளைவு சுற்றுக்குச் சுற்று கூடி ஒத்ததிர்வு ஏற்படுகிறது. அலைவு பெருகித் துகள்கள் குழாய்ச் சுவரில் மோதி இழக்கப்படுகின்றன.

ஒரே திசையில் செல்லும் மின்னூட்டங்களுக்கிடையே காந்த ஈர்ப்பும் உண்டு. வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது இவ்வீர்ப்பு விலக்கத்தைப் பெரும்பாலும் ஈடுசெய்கிறது. எனவே குறைந்த ஆற்றலில் கற்றை உட்செலுத்தப்படும் கட்டத்திலேயே வரம்பு மிகக் கடுமையாக உள்ளது.

வரம்பை உயர்த்தும் முறைகள்

உட்செலுத்தும் ஆற்றலைக் கூட்டுதல்: 1959 இல் இயங்கத் தொடங்கிய செர்னின் புரோட்டான் சின்க்ரோட்ரானில் கற்றை 50 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் உட்செலுத்தப்பட்டது. 1972 இல் இடையே பூஸ்டர் என்னும் முடுக்கி சேர்க்கப்பட்டு, அவ்வாற்றல் 800 மில்லியனாக உயர்ந்தது. கோட்பாட்டளவில் இது வரம்பை ஏறத்தாழ எட்டு மடங்காக்கும்.

கற்றையைப் பகிர்தல்: பூஸ்டருக்குள் கற்றை 50 மில்லியனிலேயே நுழைந்ததால் அதே சிக்கல் அங்கும் எழுந்தது. ஆகவே பூஸ்டர் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த நான்கு வளையங்களாகக் கட்டப்பட்டது. ஒவ்வொன்றின் சுற்றளவும் சின்க்ரோட்ரானின் சுற்றளவில் கால் பங்கு. நான்கின் கற்றைகளும் அடுத்தடுத்து வெளியேறிப் பெரிய வளையத்தை நிரப்புகின்றன.

மின்னூட்ட மாற்ற உட்செலுத்தல்: லியூவில் தேற்றத்தின்படி, கற்றை ஏற்கெனவே நிரப்பியுள்ள இடத்தில் புதிய புரோட்டான்களை வெறும் மின்காந்த விசைகளால் சேர்க்க இயலாது. இதற்கு மாற்றாக, இரண்டு எலக்ட்ரான்கள் கொண்ட எதிர் ஐதரசன் அயனிகள் மெல்லிய கார்பன் தகட்டின் வழியே செலுத்தப்படுகின்றன. தகடு எலக்ட்ரான்களை உரித்துவிட, அயனிகள் சுற்றும் கற்றையின் மீதே புரோட்டான்களாக மாறி இணைகின்றன. 2020 இல் லினாக்-4 நேர்கோட்டு முடுக்கி பூஸ்டருடன் இணைக்கப்பட்டபோது இம்முறை அங்குப் பயன்பாட்டுக்கு வந்தது. உட்செலுத்தும் ஆற்றலும் 160 மில்லியனாக உயர்ந்ததால், பூஸ்டரின் வரம்பு ஏறத்தாழ இரு மடங்கானது.

இவற்றையும் பார்க்கவும்

துகள் முடுக்கி
லியூவில் தேற்றம்
ஒத்ததிர்வு